படலையடியில் நின்ற சீனர்: யுங் விங்கின் தன்வரலாறும் நம் ஊரும்

(கோப்பாயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்கு எட்டு வயது இருக்கும். 1950களின் நடுப்பகுதி. பருத்தித்துறை வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிள் திரும்பும். ஓட்டி வந்தவர் இறங்கி, மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் படலைக்கு வெளியே நிற்பார். கரியரில் அவருடைய தோள் உயரத்துக்குத் துணிமூட்டை. ஊரில் அவரைச் 'சீனாக்காரன்' என்றார்கள். வேறு பெயர் சொல்லி அவரை ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அம்மம்மா "வா தம்பி" என்ற பிறகுதான் உள்ளே வருவார். செருப்பைக் கழற்றி, திண்ணை விளிம்பில் இருந்து, மூட்டையின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். முதல் தரம் வந்தபோது அம்மம்மாவை "நோனா" என்றார். தெற்கே திரிந்து பழகிய சொல். அம்மம்மா கையில் எடுத்த துணியைத் திரும்பப் பாயில் வைத்தார். "நோனா எண்டு சொல்லாதை. ஆச்சி எண்டு சொல்லு." அவர் ஒரு கணம் யோசித்தார். "ஆச்சி" என்றார். அம்மம்மா துணியை மறுபடி கையில் எடுத்தார். அடுத்த முறை அவர் மணி அடிக்கவில்லை. படலையடியில் நின்று "ஆச்சி" என்று குரல் கொடுத்தார்.

அது பட்டுத்தானா என்று அம்மம்மாவுக்குச் சந்தேகம். சீனாக்காரர் கோபிக்கவில்லை. துணியின் ஓரத்தில் ஒரு நூலை இழுத்து எடுத்தார். தீக்குச்சி கிழித்து அதன் நுனியில் வைத்தார். நூல் சுருண்டு கருகியது. தலைமயிர் பொசுங்கும் மணம். கரியை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கிக் காட்டினார், பொடியாகப் போனது. பிறகு வேறொரு துணியில் நூல் எடுத்துப் பற்ற வைத்தார். அது கடதாசிபோல எரிந்தது. "இது இல்லை" என்றார். தன்னுடைய சரக்கில் எது உண்மைப் பட்டு, எது இல்லை என்று இரண்டையும் தானே எரித்துக் காட்டிய வியாபாரியை அதற்குப் பிறகு நான் காணவில்லை. அன்று அம்மாவுக்கு ஒரு சட்டைத்துணி எடுத்தோம். போகும்போது எனக்கு ஒரு மடக்கு விசிறி தந்தார், கடதாசியில் செய்தது.

மலாயாவில் ரயில்வே கிளார்க்காக இருந்து பென்சனோடு திரும்பிய பெரியப்பா ஒருவர் எங்கள் பக்கத்து வளவில் இருந்தார். அவர் ஈப்போவில் பழகிய கன்ரனீஸ் சொற்களைச் சீனாக்காரரிடம் பேசிப் பார்த்தார். அவர் சிரித்துத் தலையாட்டினாரே தவிர பதில் வரவில்லை. இலங்கைக்கு வந்த சீனத் துணிவியாபாரிகளில் பலர் வடக்குச் சீனாவின் சாண்டோங் மாகாணத்தவர் என்பதும், சாண்டோங் பேச்சும் கன்ரனீஸும் ஒன்றுக்கொன்று விளங்காதவை என்பதும் நெடுநாளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவுக்கு அவர் 'சீனர்'. அவருக்குப் பெரியப்பா பேசியது யாரோ ஒருவருடைய பாஷை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. சீனாக்காரரும் வராமல் விட்டார். ஏன் வரவில்லை, எங்கே போனார், உயிரோடு இருக்கிறாரா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

இந்த அறக்கட்டளை எந்த ஆசிரியரின் நினைவாக அமைந்ததோ, அவரிடம் நான் ஆங்கிலம் படித்தேன். ஒரு நாள் இந்தச் சீனாக்காரரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தந்தபோது, கூடவே ஒரு புத்தகத்தையும் தந்தார். 1909 இல் நியூ யோர்க்கில் வெளிவந்த யுங் விங்கின் தன்வரலாறு. 'சீனாவிலும் அமெரிக்காவிலும் என் வாழ்க்கை' என்பது தலைப்பின் பொருள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் பெற்ற முதலாவது சீனர் எழுதியது. அதைப் பல தரம் வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அது யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட புத்தகம் போலவே எனக்குப் படுகிறது. ஏன் அப்படிப் படுகிறது என்பதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் தன்வரலாற்றை நாங்கள் வழக்கமாக ஒரே கேள்வியோடுதான் திறக்கிறோம். போன இடத்தில் இவர் எப்படித் தேறினார்? என்ன படித்தார், என்ன உழைத்தார், எந்தச் சாப்பாட்டுக்குப் பழகினார்? நான் இன்னொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். போன இடம் இவருக்கு எவ்வளவு இடம் விட்டது? முதல் கேள்விக்கு யுங் விங்கின் புத்தகத்திலேயே பதில் நிறைய உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால் நியூ யோர்க்கிலிருந்து கோப்பாய் வரை வர வேண்டியிருக்கிறது.

யுங் விங் 1828 இல் மக்காவுக்கு அருகே உள்ள ஒரு கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணனை ஊர் வழக்கப்படி கன்பூசியப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர், இளையவனை மக்காவில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியாரின் மனைவி நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். வெளிநாட்டாருடன் வியாபாரம் பெருகிக்கொண்டிருந்த காலம். ஆங்கிலம் தெரிந்தால் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும் என்ற கணக்கு. இந்தக் கணக்கை இந்த மண்டபத்தில் யாருக்காவது நான் விளக்க வேண்டுமா?

1840 இல் தகப்பன் இறந்தார். தாயும் நான்கு பிள்ளைகளும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மிட்டாய் விற்றான். அறுவடைக் காலத்தில் அக்காவோடு வயலுக்குப் போய், அரிவு வெட்டியவர்கள் விட்டுப்போன கதிர் பொறுக்கினான். ஒரு நாள் அக்கா, வெட்டுக்காரர்களின் தலைவரிடம், தம்பிக்குச் செம்மயிர்க்காரரின் பாஷை தெரியும் என்று சொல்லிவிட்டாள். அங்கே வெள்ளைக்காரரைக் குறிக்கும் சொல் அது. பேசிக் காட்டினால் ஒரு கட்டு நெற்கதிர் தருவதாகத் தலைவர் ஆசை காட்டினார். பையனுக்கு வெட்கம். என்ன பேசுவது? ஏ, பி, சி என்று தொடங்கி இருபத்தாறு எழுத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். சேற்றில் நின்ற அத்தனை பேரும் வெட்டுக்கத்தியோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அக்காவும் தம்பியும் தூக்க முடியாத அளவுக்குக் கதிர்க்கட்டுகள் கிடைத்தன. தன் வாழ்வில் ஆங்கிலத்தால் கிடைத்த முதல் வருமானமாக அதை அவர் எழுதுகிறார். அரிச்சுவடிக்கு நெல் கூலி.

வாத்தியார் வேலைக்கும் கிளார்க்கு வேலைக்கும் ஆங்கிலம் படித்த ஒரு சமூகத்தின் வரலாறு முழுவதும் அந்த வயல்வரம்பில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 இல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியது. யுங் விங்குக்கு அடுத்த பள்ளியில் ஆசிரியராக வாய்த்த சாமுவேல் ரொபின்ஸ் பிறவுணும், வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் நமக்கு வாய்த்தவர்களும் ஒரே நியூ இங்கிலாந்துச் சமயச் சூழலில் இருந்து புறப்பட்டவர்கள். ஒரே வகை வேதப்புத்தகமும் ஒரே வகைக் கணித பாடமும் ஒரே காலத்தில் மக்காவிலும் வட்டுக்கோட்டையிலும் நடந்தன.

இங்கே இந்த ஊர் வருகிறது. பருத்தித்துறை வீதியில் வடக்கே போனால் நீர்வேலி தாண்டிச் சிறுப்பிட்டி. அங்கே 1832 இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டையில் படித்தார், கோப்பாயில் ஆசிரியராக இருந்தார், பிறகு கடல் கடந்து சென்னைக்குப் போனார். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பி.ஏ. தேர்வில் அவரும் கறல் விசுவநாதபிள்ளையும் தேறினார்கள். யுங் விங் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றது 1854 இல். நான்கு வயது இடைவெளி, மூன்று வருட இடைவெளி. இரண்டு கிராமத்துப் பிள்ளைகள், ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரிக் கடற்பயணம். தாமோதரம்பிள்ளை தன்வரலாறு எழுதவில்லை. வீரசோழியத்துக்கும் கலித்தொகைக்கும் அவர் எழுதிய பதிப்புரைகளில், செல்லரித்து ஒடியும் ஏட்டைப் பார்த்து அவர் பட்ட துயரம் இருக்கிறது. சிறுப்பிட்டியை விட்டுப் போன மனிதர் மயிலாப்பூரிலோ எழும்பூரிலோ முதல் நாள் எப்படி விழித்தார் என்பது இல்லை. அதை யுங் விங்கிடம் கேட்டுத்தான் நான் ஊகித்துக்கொள்கிறேன்.

பிறவுண் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்ப முடிவு செய்தபோது, தன்னோடு வர யாருக்கு விருப்பம் என்று வகுப்பில் கேட்டார். முதலில் எழுந்து நின்றவர் யுங் விங். தாயிடம் சம்மதம் கேட்டபோது தாய் அழுதாள், பிறகு விட்டாள். 1847 ஜனவரியில் 'ஹன்ற்றஸ்' என்ற தேயிலைக் கப்பல் புறப்பட்டது. தொண்ணூற்றெட்டு நாளில் நியூ யோர்க். மசாசுசெட்ஸில் மொன்சன் என்ற சிற்றூரின் பள்ளியில் சேர்ந்தார். பிறவுணின் தாயார் வீட்டில் சாப்பாடு; இடுப்பளவு பனியில் ஒரு நாளைக்கு மூன்று தரம் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடை.

அவர் புதிய நாட்டுக்கு எப்படிப் பழகினார் என்பதற்குப் பனியையும் சாப்பாட்டையும் விட முக்கியமான ஒரு கட்டம் உண்டு. யேலுக்குப் போகப் பணம் இல்லை. மொன்சன் பள்ளியின் பொறுப்பாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். படிப்புச் செலவைத் தருகிறோம். படித்து முடித்து மிஷனரியாகப் போவேன் என்று எழுதிக் கொடு. யுங் விங் கையெழுத்து வைக்க மறுத்தார். சீனாவுக்கு எந்த வழியில் அதிகம் பயன்படுவேன் என்பது எனக்கு இன்னும் தெரியாது, இப்போதே ஒரு வழிக்குக் கட்டுப்பட மாட்டேன் என்பது அவர் வாதம். கையில் காசில்லாத, இருபத்தொரு வயதான இளைஞன் இதைச் சொல்கிறான். பிறகு ஜோர்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரின் பெண்கள் சங்கம் ஒன்று நிபந்தனை இல்லாமல் உதவியது. மிச்சத்துக்கு மாணவர் சாப்பாட்டு மடத்தில் பொருள் வாங்கிக் கொடுக்கும் வேலையும், மாணவர் கழக நூலகத்தில் வேலையும் பார்த்தார். நன்றிக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்று இவரைவிடத் தெளிவாகக் காட்டிய ஒருவரை நான் வாசிக்கவில்லை.

யேல் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவர் 1718 இல் அனுப்பிய ஒன்பது சரக்குப் பொதிகளை விற்ற காசுக்காக அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். பொதிகளில் துணி இருந்தது. நம் கரையில் சேர்த்த செல்வத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் ஒரு சீனப் பிள்ளை படித்தது. உலகம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. துணிமூட்டை போகாத இடம் இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1854 இல் யுங் விங் ஊருக்குப் புறப்படுகிறார். கப்பல் ஹொங்கொங்கை நெருங்க, துறை வழிகாட்டி ஒருவர் ஏறுகிறார், சீனர். கிட்ட எங்காவது ஆபத்தான பாறையோ மணல்திட்டோ உண்டா என்று அவரிடம் சீனத்தில் கேட்டுச் சொல்லும்படி கப்பல் தலைவர் யுங் விங்கைக் கேட்கிறார். யுங் விங் வாயைத் திறக்கிறார். பாறைக்கும் மணல்திட்டுக்கும் சொல் வரவில்லை. தாய்மொழியில் சொல் இல்லை. வழிகாட்டிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்ததால், அவரே அந்தச் சீனச் சொற்களை யுங் விங்குக்கு எடுத்துக் கொடுத்தார். கப்பலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சிறு வயதில் வயலில் நின்று ஆங்கில எழுத்தைச் சொன்னபோது ஒரு சிரிப்பு. சீனச் சொல் மறந்து நின்றபோது இன்னொரு சிரிப்பு. இரண்டுக்கும் இடையில்தான் அவருடைய இளமை போயிருக்கிறது.

விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து, அப்பம்மாவுக்கு முன்னால் சொல் தேடி நிற்கும் நம் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். வழிகாட்டி செய்தது போலச் சொல்லை எடுத்துக் கொடுக்க நமக்குத் தோன்றுவது குறைவு.

வீட்டுக்குப் போகிறார். தாய் பிள்ளையின் முகத்தையும் கையையும் தடவிப் பார்க்கிறாள். யேல் பட்டம் என்றால் என்ன, அதற்கு எவ்வளவு காசு தருவார்கள் என்று கேட்கிறாள். காசு தரமாட்டார்கள், ஆனால் காசைவிடப் பெரியது என்று மகன் விளக்குகிறார். தாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வேறு விஷயத்துக்கு வருகிறாள். மீசை வைத்திருக்கிறாயே, உன் அண்ணன் உனக்கு எவ்வளவோ மூத்தவன், அவனே இன்னும் மீசை வைக்கவில்லை, எடுத்துவிடு என்கிறாள். யேல் பட்டதாரி மறுபேச்சில்லாமல் மீசையை எடுத்துவிட்டுத் தாய்க்கு முன்னால் வந்து நிற்கிறார். வெளிநாட்டுப் படிப்பு மகனைக் கெடுக்கவில்லை என்று தாய் மகிழ்ந்தாள்.

மிஷன் பொறுப்பாளர்களுக்குக் கையெழுத்து வைக்க மறுத்த அதே மனிதர் தாய் சொன்னதும் மீசையை எடுக்கிறார். எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று அறிந்து வைத்திருந்தார். புதிய நாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தால் அது இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் இருக்கிறது.

அவருடைய பிற்கால வேலைகளை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1872 இலிருந்து வருடத்துக்கு முப்பது பேராக நான்கு வருடத்தில் 120 சீனச் சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்கக் கொண்டுவந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரை மையமாக வைத்து அமெரிக்கக் குடும்பங்களோடு தங்க வைத்தார். பிள்ளைகள் பேஸ்போல் விளையாடினார்கள். பின்னல் சடையை வெட்ட ஆசைப்பட்டார்கள். அவர்கள் சீனராக இல்லாமல் போய்விடுவார்கள் என்று பீக்கிங்கில் அச்சம் எழுந்தது. அவர்களை இராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் சேர்க்க அமெரிக்கா இடம் தரவில்லை. இரு பக்கமும் கதவு சாத்தியது. 1881 இல் எல்லோரையும் திருப்பி அழைத்தார்கள். பெரும்பாலானவர் பட்டத்தை முடிக்கவில்லை. முடித்த சிலரில் ஒருவர் ஜான் தியன்யூ. பின்னாளில் பீக்கிங்கிலிருந்து ஜாங்ஜியாகோ வரை மலையைக் குடைந்து ரயில்பாதை அமைத்த பொறியியலாளர்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். யுங் விங் 1852 ஒக்டோபர் 30 ஆம் திகதி அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அந்தத் திகதியைப் பின்னாளில் ஒரு நாள் கண்டபோது, வாசித்ததை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். மலையகத் தமிழரை எண்ணிக்கை போட்டுப் பங்கு பிரித்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து ஒரே இரவில் எழுந்து நடந்தது 1995 ஒக்டோபர் 30. கோப்பாய்க் கைதடிப் பாலத்தில் மழையில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப் பேர். ஒரே திகதி ஒருவருக்கு ஊர் கிடைத்த நாள், இன்னொருவருக்கு ஊர் போன நாள்.

யுங் விங்குக்குக் கிடைத்ததும் நிலைக்கவில்லை. 1790 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதி 'வெள்ளையருக்கு' மட்டும். ஆபிரிக்க வம்சத்தவருக்கு 1870 இல் கதவு திறந்தது. சீனர் வெள்ளையர் இல்லை என்று 1878 இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1882 இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. 1898 இல், நாற்பத்தாறு வருடம் குடிமகனாக இருந்தவரை, அமெரிக்கப் பெண்ணை மணந்து அங்கே இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்த்தவரை, இனிக் குடிமகனாக ஏற்க முடியாது என்று அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் அறிவித்தார். 1902 இல் இளைய மகன் யேலில் பட்டம் பெறும் நாளைக் காண அவர் எப்படியோ நாட்டுக்குள் வந்து சேர்ந்தார். 1912 இல் ஹார்ட்ஃபோர்ட்டில் இறந்தார். அங்கேதான் அடக்கம். விலக்குச் சட்டம் நீங்கியது 1943 இல், அவர் இறந்து முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு.

அவரைவிட அமெரிக்காவுக்குப் பழகிய ஒருவர் இருக்க முடியாது. மொழி, உடை, படிப்பு, சமயம், குடும்பம் எல்லாம் அந்த நாட்டோடு கலந்தன. அப்படியும் கடைசியில் தீர்மானித்தது ஒரு சட்டத்தில் இருந்த ஒரு சொல்.

இந்த அளவுகோலை நம் நாட்டுக்கும் பிடித்துப் பார்ப்போம். 1948 ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பரம்பரையைக் கேட்டது. தகப்பன் இங்கே பிறந்தவரா? இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவரின் தகப்பனும் இங்கே பிறந்தவர்களா? இந்தக் கேள்வியில் இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அது நமக்குத் தெரிந்த துயரம். அதே கேள்வி, நம் கண்ணில் படாமல், இலங்கையில் இருந்த சிறிய சீனச் சமூகத்தையும் நாடற்றவராக்கியது. பல் கட்டியவர்கள், துணி விற்றவர்கள், சாப்பாட்டுக்கடை வைத்தவர்கள். இந்திய, பாகிஸ்தானிய வம்சத்தவருக்கு 1949 இல் குறையோடாவது தனிச் சட்டம் ஒன்று வந்தது. சீனருக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் 2008 வரை வரவில்லை. அறுபது வருடம். இங்கே பிறந்து, இங்கே பள்ளிக்குப் போய், இங்கே முடி நரைத்தவர்கள் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

எங்கள் திண்ணையில் இருந்து நூலை எரித்துக் காட்டியவர் பெரும்பாலும் அப்படியான ஒருவராகத்தான் இருந்திருப்பார். நமக்கு அது தெரியாது. அவருக்கு நாம் சொல்லிக் கொடுத்தது 'ஆச்சி' என்ற ஒரு சொல்.

இந்த ஊருக்குப் பெருமையான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1947 முதல் 1959 இல் இறக்கும் வரை கோப்பாய்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் கு. வன்னியசிங்கம். மலையகத் தமிழரின் குடியுரிமைக் கேள்வி எழுந்தபோது, தன் தொகுதி அவர்களுடைய வாக்கை நம்பி இருக்காத நிலையிலும், செல்வநாயகத்தோடு சேர்ந்து, தான் அதுவரை இருந்த கட்சியை விட்டு வெளியே வந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தபோது உடன் நின்றார். பக்கத்து வீட்டுக்காரனின் குடியுரிமை தன் குடியுரிமையும்தான் என்று கண்டவர் நம் ஊர்ப் பிரதிநிதி. அந்தப் பார்வை படலையடியில் நின்ற துணிவியாபாரி வரை நீண்டிருக்க வேண்டும். நீளவில்லை. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துணிமூட்டை சுமந்த சீனரை எழுத்தில் பிடித்து வைத்தவர் ஒருவர் உண்டு. இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா. அலகாபாத்தில் தன் வீட்டுக்கு வந்த சீனத் துணிவியாபாரி தன்னை 'சிஸ்தர்' என்று அழைத்ததையும், தொலைந்துபோன அக்காவை அவன் தேடித் திரிந்ததையும் அவர் நினைவுச் சித்திரமாக எழுதினார். அதை அடிப்படையாக வைத்து மிருணாள் சென் 1959 இல் வங்காளத்தில் ஒரு படமும் எடுத்தார். மகாதேவி செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்றவனைக் கதை கேட்டார், எழுதி வைத்தார்.

நமக்குச் சீனாவின் பெயர் நாக்கில் நிறைய உண்டு. சீனி, சீனச்சட்டி, சீனவெடி, சீனாக்காரம். அல்லைப்பிட்டிக் கரையில் சொங் காலத்துப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள் இருந்து வந்தன. தொள்ளாயிரம் வருடத்துக்குக் கிட்டிய பழமை. 1409 ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் நிற்கின்றன. மறுபக்கத்தில், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 இல் ஒரு தமிழர் சிவனுக்குக் கோயில் எழுப்பித் தமிழில் கல் வெட்டி வைத்தார். சம்பந்தப் பெருமாள் என்ற அவர் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறது. அவர் போன நாடு அவருக்கு ஒரு கோயிலுக்கான இடம் விட்டது.

அவருக்கும் முன்னால் ஒரு சீனர் இந்தத் தீவில் ஊர் நினைவால் அழுதிருக்கிறார். பாசியன் என்ற பிக்கு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். அனுராதபுரத்தில் அபயகிரி விகாரையில் பச்சைக்கல் புத்தர் சிலைக்கு முன்னால் நிற்கிறார். ஊரை விட்டுப் பல வருடம். கூட வந்தவர்கள் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் பிரிந்துவிட்டார்கள். யாரோ ஒரு வணிகன் சிலைக்குக் காணிக்கையாக வைத்த பொருள் அவர் கண்ணில் படுகிறது. சீனத்து வெண்பட்டு விசிறி. அந்த விசிறியைப் பார்த்ததும் கண்ணீர் நிறைந்துவிட்டது என்று தன் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கண்ணீர் நமக்குத் தெரிவது அவர் எழுதினதால்.

எனக்கு எட்டு வயதில் கிடைத்த கடதாசி விசிறி 1995 இல் வீட்டோடு போய்விட்டது.

மலாயாப் பெரியப்பா முப்பது வருடம் சீனரோடும் மலாயரோடும் வாழ்ந்தவர். யப்பானியர் காலத்தில் என்ன தின்றார், எந்தச் சீனக் கடைக்காரர் கடன் கொடுத்தார், யாருக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வரி எழுதவில்லை. அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் பென்சன் கடதாசிகள் மட்டும் இருந்தன. இன்று ஸ்காபரோவிலும் ஹரோவிலும் பாரிஸிலும் கோப்பாய்ப் பிள்ளைகள் வாழ்கிறார்கள். அவர்களும் எழுதாமல் விட்டால் நூறு வருடத்துக்குப் பிறகு ஒருவர், நான் தாமோதரம்பிள்ளைக்குச் செய்ததுபோல, வேறு நாட்டாரின் புத்தகத்தை வைத்து அவர்களை ஊகிக்க வேண்டியிருக்கும். அறக்கட்டளையாரிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொப்பிகள் வாங்கச் செலவிடுங்கள். போய் வந்தவர்களிடமும், வந்து நின்றவர்களிடமும் கேட்டு எழுதப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்புங்கள். தென்னிலங்கையில் இருந்து இன்று நம் வீதியில் சாமான் விற்க வருகிறவரிடமும், கட்டட வேலைக்கு வரும் வெளியூர்ப் பொடியனிடமும் முதலில் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள்.

என்னுடைய கொப்பியில் முதல் பக்கம் வெறுமையாக இருக்கிறது. 1955 அளவில் கோப்பாய், இருபாலை, நீர்வேலிப் பக்கம் சைக்கிளில் பட்டுத்துணி கொண்டு வந்த சீனரின் பெயர் தெரிந்தவர் இந்த அவையில் யாராவது இருந்தால், தேநீர் குடித்துவிட்டுப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.